புது டயர் முன்னுக்கா, பின்னுக்கா?

கேள்வி: டொயோட்டா ஆக்சியோ ஓடுகிறேன். முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, பின்னுக்கு இருப்பவை பரவாயில்லை. இப்போதைக்கு இரண்டு டயர் வாங்கத்தான் வசதி. “இழுப்பதும் திருப்புவதும் முன் சில்லுதானே, புதுசை முன்னுக்குப் போடுங்கள்” என்கிறார் கடைக்காரர். சரியா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: புதியதைப் பின்னுக்குப் போடுங்கள். முன் சில்லு இழுக்கும் காருக்கும் இதுதான் பதில்.

காரணம் மழை. டயரில் ஓடும் பள்ளங்கள்தான் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. பள்ளம் ஆழம் குறைந்தால் தண்ணீர் வெளியேற இடமில்லாமல் டயர் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். முன் டயர் மிதந்தால் ஸ்டியரிங் கையில் சட்டென்று இலேசாகும், கார் வளைவில் நேராகப் போகப் பார்க்கும். பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பீர்கள். பாரம் முன்னுக்கு வரும், வேகம் குறையும், பிடிப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். பின் டயர் மிதந்தாலோ ஸ்டியரிங் எதையும் சொல்லாது. வால் பக்கவாட்டில் வீசும்போதுதான் தெரியவரும். அப்போது காலை எடுத்தாலும் பிரேக் அடித்தாலும் பின்பக்கப் பாரம் இன்னும் குறைந்து கார் சுழலும். ஒக்டோபர், நவம்பர் மாலை மழையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

கடையில் இப்படிக் கேளுங்கள்: தேய்ந்த முன் டயர்களைக் கழற்றிவிட்டு, இப்போது பின்னுக்கு இருப்பவற்றை முன்னுக்குக் கொண்டுவந்து, புதியவற்றைப் பின்னுக்குப் போட வேண்டும். நான்கு சில்லையும் கழற்ற வேண்டியிருப்பதால் சிலர் தயங்குவார்கள், விட்டுவிடாதீர்கள். முன்னுக்கு வரும் பழைய டயர்களையும் பலன்சிங் செய்யுங்கள். பின்னுக்கு இருந்தபோது தெரியாத அதிர்வு இனி ஸ்டியரிங்கில் தெரியும். முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் எலைன்மென்டும் பாருங்கள். நட்டுகளை எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் 103 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

மாற்றுமுன் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். புது டயரில் 7 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். பள்ளத்தின் அடியில் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டரைக் காட்டுபவை. டயர் தேய்ந்து அவற்றோடு சமமானால் அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுங்கள். உங்கள் பின் டயர்களில் 3க்குக் கீழே இருந்தால் இரண்டு போதாது, நான்கும் வேண்டும்.

இனி முன்னுக்கு இருப்பவைதான் வேகமாகத் தேயும். அவை 3க்கு வந்ததும் பின்னவற்றை முன்னுக்கு நகர்த்தி, மறுபடி புதியதைப் பின்னுக்குப் போடுங்கள். நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும் வாகனத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது: நான்கின் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இல்லாவிட்டால் சில்லுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் கப்ளிங்கும் சூடாகிக் கெடும். வாகனக் கைநூல் எவ்வளவு வித்தியாசத்தை அனுமதிக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்த பாவித்த டயர் இரண்டு. பள்ளம் 6 மில்லிமீட்டர் இருக்கிறது. டயரின் சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு கடைசியாக 1014 என்று இருக்கிறது. பின்னுக்குப் போடலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: போடாதீர்கள், முன்னுக்கும் வேண்டாம். அந்த எண் 2014ஆம் ஆண்டின் 10ஆவது வாரத்தைக் குறிக்கிறது. பத்து வருடம் தாண்டிய றப்பர் இறுகிவிடும், ஈரத் தார் வீதியைப் பிடிக்காது. பள்ளத்தின் அடியிலும் சுவரிலும் விரலால் அழுத்திப் பாருங்கள், மயிரிழை வெடிப்புகள் விரியும். வெயிலில் ஓடிச் சூடேறும்போது டயர் பிளப்பது அந்த வெடிப்புகளில்தான்.