ஒகேனக்கல்: இங்கே மழை இல்லையே என்று நம்ப வேண்டாம்
ஆகஸ்டில் தர்மபுரியில் மழையே இல்லை, கூட்டமில்லாத பாறைப் பக்கம் நடந்துபோய்க் குழந்தைகளோடு குளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. ஒகேனக்கல்லுக்கு நம்மூர் மழை கணக்கே இல்லை. குடகிலும் வயநாட்டிலும் கொட்டி, கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளைத் திறந்துவிட்டால், இங்கே வெயில் அடிக்கும்போதே காவிரி ஏறிவிடும். கிளம்பும் அன்று காலை காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் இடத்தில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று செய்தியில் பாருங்கள். அதிகமானால் குளியல், பரிசல் இரண்டுக்கும் மாவட்ட நிர்வாகமே தடை போட்டுவிடும்.

குளிக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள். எல்லோரும் குளிக்கும் மெயின் அருவியே போதும். அங்கும் எண்ணெய் மசாஜ் முடித்தவர்கள் நடந்த பாறை வழுக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பரிசலில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அப்புறம், பென்னாகரம் சாலையில் யானை நடமாட்டம் உண்டு. மீன் வறுவலை முடித்துக்கொண்டு இருட்டுமுன் மலைப்பாதையில் ஏறி ஊர் திரும்பிவிடுங்கள்.