பல்லைத் தேய்த்தே தேய வைத்த கதை

"அன்றாடப் பழக்கங்களில் பல்லைக் கெடுப்பவை எவை, அவற்றை எப்படி விடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இனிப்பு, குளிர்பானம் எல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் என் பல்லைக் கெடுத்துக்கொண்டது பல் தேய்த்துத்தான்.

போன வருடம் ஒருநாள் ஜில்லென்று மோர் குடிக்கும்போது இடது பக்க மேல்வரிசையில் சுரீரென்றது. சொத்தை என்று நினைத்துப் போனேன். டாக்டர் கையில் கண்ணாடியைக் கொடுத்து, கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த பல்லிலும் ஈறோரமாக விழுந்திருந்த பள்ளத்தைக் காட்டினார். அரிவாளால் மரத்தில் கொத்தி வைத்த மாதிரி இருந்தது. நகத்தை வைத்தால் மாட்டியது. "வலது கையால்தானே தேய்ப்பீங்க?" என்றார். வலது கைக்காரர்களுக்கு இடது பக்கத்தில்தான் பிரஷ் வாகாக உட்காருமாம், அழுத்தமும் அங்கேதான் விழுமாம்.

நம் பேச்சே நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறதோ என்னவோ. பாத்திரத்தையும் விளக்குகிறோம், பல்லையும் விளக்குகிறோம். தாத்தா வீட்டில் இரண்டுக்கும் ஒரே சாம்பல்தான். சாம்பல் தீர்ந்தால் அடுப்புக்கரி, அதுவும் இல்லாவிட்டால் செங்கல் பொடி. (அந்தக் கரியைத்தான் இப்போது டியூபில் அடைத்து விலை கூட்டி விற்கிறார்கள்.) உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் மேல்பூச்சான எனாமல்தான். ஆனால் ஈறோரத்தில் அது மெல்லிசு. ஈறு கொஞ்சம் பின்வாங்கிவிட்டால் வெளியே தெரிவது வேர். அதன் மேல் எனாமலே கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் போனால் போனதுதான், அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைத்ததோடு அழிந்துவிடுகின்றன.

"மெதுவாகத் தேய்டா" என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. காலைத் தூக்கக் கலக்கத்தில் கை அதன் போக்கில்தான் போகும். கடைசியில் கைகொடுத்தவை இரண்டு. பிரஷை முஷ்டியில் பிடிக்காமல் பேனா மாதிரி விரல்நுனியில் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் நினைத்தாலும் அழுத்த வராது. அப்புறம், இரண்டு வாரம் இடது கையால் தேய்த்தேன். சட்டையெல்லாம் நுரை, வீட்டில் ஒரே சிரிப்பு. ஆனால் இடது கைக்குப் பழைய வேகம் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டது. பிரஷ் 'சாஃப்ட்' ரகம் போதும். வாங்கின தேதியை அதன் பிடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு முன்பே நார் விரிந்து கோழி சிலிர்த்த மாதிரி நின்றால், இன்னும் அழுத்துகிறீர்கள்.

இதோடு இன்னொரு தப்பும் செய்துகொண்டிருந்தேன். தொப்பை குறையும் என்று காலையில் எழுந்ததும் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும், குடித்த கையோடு பிரஷ். வாயின் பிஎச் (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது, தண்ணீர் கலந்தாலும் புளிப்பு புளிப்புதான். அதில் இளகிப்போன பல்லை உடனே தேய்த்தால் என்ன ஆகும்? எச்சில் அதைச் சரிசெய்ய அரைமணி நேரமாவது விட வேண்டும். இப்போது பல் தேய்த்த பிறகுதான் எலுமிச்சை, குடித்ததும் வெறும் தண்ணீரில் ஒரு கொப்பளிப்பு. தொப்பை அப்படியேதான் இருக்கிறது.

டீ விஷயத்தில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவையும் வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கும். அது அடங்க அரைமணி நேரம் போல ஆகும். கடையில் நான் அரை கிளாஸ் டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உறிஞ்சுவேன், அப்படி நாளைக்கு ஐந்தாறு தடவை. பல்லுக்கு ஓய்வே இல்லை. காலையும் மாலையும் மட்டும் சர்க்கரை போட்டது, ஒரே மூச்சில். நடுவில் குடித்தால் சர்க்கரை இல்லாமல் என்று மாற்றிக்கொண்டேன். முதல் பத்து நாள் கஷாயம் மாதிரி இருந்தது. கருப்பட்டி போட்டால் பரவாயில்லையா என்று கேட்காதீர்கள், கிருமிக்கு வெள்ளைச் சர்க்கரையும் கருப்பட்டியும் ஒன்றுதான்.

பாக்கு போடுகிறவர்களுக்கு: அது பல்லோடு நிற்கிற விஷயம் இல்லை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாயை முன்போல் அகலத் திறக்க முடியவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போங்கள்.

என் கதையைக் கேட்டு ரொம்பச் சிரித்தது என் மனைவிதான். அவள் தையல்காரி, இருபது வருடமாக நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுக்கிறாள். அடுத்த தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். முன்பல்லின் நுனியில் நூல் அகலத்துக்கு ஒரு சின்ன வெட்டு இருப்பதைப் பார்த்ததும் டாக்டர், "தையல் வேலையா?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மெஷினிலேயே சின்ன நூல்வெட்டி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். இப்போது பாதிநேரம் கை அங்கே போகிறது. தீபாவளி சீசனில் மட்டும் மறுபடி வாய்தான்.