ஓய்வூதியர் சலுகைகள்: கேட்டு வாங்க வேண்டியவை

கேள்வி: அம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. சொந்த ஓய்வூதியம் ஒன்று, அப்பா இறந்த பிறகு வரும் குடும்ப ஓய்வூதியம் ஒன்று. செல்போன் செயலியில் உயிர்வாழ் சான்று கொடுத்தும் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிட்டது. ஏன்?

பதில்: சான்று ஆளுக்கு ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) எண்ணுக்கு ஒன்று. இரண்டு ஓய்வூதியம் என்றால் இரண்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பி.பி.ஓ. எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் போட்டுத் தனித்தனியாக 'ஜீவன் பிரமாண்' எனும் மின்னணு உயிர்வாழ் சான்று எடுக்க வேண்டும். அம்மாவுக்கு ஒன்று விடுபட்டிருக்கிறது. இப்போது கொடுத்தாலும் நின்ற மாதங்களின் தொகை நிலுவையாகச் சேர்ந்து வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

முகத்தைக் காட்டிச் சான்று எடுக்க இரண்டு செயலிகள் தேவை: ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்.டி. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் முகம் இருட்டாகி நிராகரிக்கப்படும். வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, திரையில் கேட்கும்போது கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். கைரேகைக் கருவி என்றால் வயதானவர்களுக்கு விரல் வறண்டு ரேகை பதியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவித் துடைத்துவிட்டு வைத்தால் பெரும்பாலும் பதிந்துவிடும்.

அதிகம் நடக்கும் தவறு இன்னொன்று. ஓய்வூதியம் அனுமதித்த துறை எது, வழங்கும் அலுவலகம் எது என்று செயலி கேட்கும் இடத்தில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவது. சான்று உருவாகும், எண்ணும் குறுஞ்செய்தியில் வரும். ஆனால் போய்ச் சேர வேண்டிய அலுவலகத்துக்குப் போயிருக்காது. இரண்டு நாள் கழித்து அந்த எண்ணைப் போட்டு 'ஏற்கப்பட்டது' என்று வந்திருக்கிறதா எனப் பார்த்துவிடுங்கள். நடமாட முடியாதவர் என்றால் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பார். கட்டணம் 70 ரூபாய்.

கெடு எல்லாருக்கும் ஒன்றல்ல. மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் மாதம். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தமிழக அரசு ஓய்வூதியருக்கு ஆண்டுதோறும் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல் (உயிர்வாழ் சரிபார்ப்பு). பி.எஃப். ஓய்வூதியருக்குக் கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும், எந்த மாதமும் கொடுக்கலாம்.

கேள்வி: எனக்கு 80 வயது முடிந்து ஆறு மாதம் ஆகிறது. கூடுதல் ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. மனு போட வேண்டுமா?

பதில்: தானாகவே வர வேண்டியது. வரவில்லை என்றால் பெரும்பாலும் பி.பி.ஓ. புத்தகத்தில் பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருக்கும், அல்லது வெறும் ஆண்டு மட்டும் எழுதப்பட்டிருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள். கூடவே மனைவியின் பிறந்த தேதி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாளைக்கு அவர் குடும்ப ஓய்வூதியம் வாங்கும்போது அவருக்கும் 80 வயதில் இதே உரிமை உண்டு. தேதி இல்லாததால் தொண்ணூறு வயதுப் பாட்டிகள்கூட அடிப்படைத் தொகையோடு நிற்கிறார்கள். இந்தப் பட்டியலிலேயே நிறையப் பேர் பணத்தை விட்டுவிடும் இடம் இதுதான்.

80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் 100 சதவீதம். அடிப்படை 18,000 ரூபாய் என்றால் 80 வயதில் 3,600 கூடும், அதன் மேல் அகவிலைப்படியும் உண்டு. மத்திய அரசு ஓய்வூதியருக்குப் பிறந்தநாள் 20ஆம் தேதி என்றாலும் அந்த மாதம் 1ஆம் தேதி முதலே கணக்கு. பிறந்த தேதிக்கான சான்று நகலோடு, ஓய்வூதியம் வழங்கும் கருவூலத்துக்கோ வங்கிக்கோ எழுதிக் கொடுத்து, மறு நகலில் முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிலுவையையும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதே ஓய்வு பெறும்போது மொத்தத் தொகையாகத் தொகுத்துப் பெற்ற பகுதியையும் (கம்யூட்டேஷன்) பாருங்கள். அதற்காக மாதாமாதம் செய்யும் பிடித்தம் 15 ஆண்டு முடிந்ததும் நிற்க வேண்டும். நடுவில் வங்கிக் கிளை மாற்றியவர்களுக்குத்தான் இது தவறிப் போகிறது.

கேள்வி: ரயிலில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை திரும்பி வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பதில்: வரவில்லை. 2020 மார்ச் 20 முதல் நிறுத்தியதுதான். அதற்கு முன்பு 60 வயது ஆணுக்கு 40, 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதம் இருந்தது. அதை நிறுத்தியதில் கையில் பணமில்லாத முதியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

இப்போது மிச்சமிருப்பது கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு. 60 வயதான ஆண், 45 வயதான பெண்ணுக்கு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் மட்டுமே இருக்க வேண்டும், இருவரும் அந்த வயது வரம்புக்குள் வர வேண்டும். மகனும் மருமகளும் சேர்ந்து நாலு பேருக்கு ஒரே டிக்கெட் போடும்போதுதான் அம்மாவுக்கு மேல் படுக்கை விழுகிறது. பெரியவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் எடுத்து, ஒதுக்கீட்டுப் பகுதியில் 'மூத்த குடிமக்கள் கீழ்ப் படுக்கை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புற்றுநோய் சிகிச்சைக்குப் போவோருக்கான சலுகை தொடர்கிறது: தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தரும் சலுகைப் படிவம் வேண்டும்.

கேள்வி: சென்னையில் இலவச பஸ் டோக்கன் எப்படி வாங்குவது?

பதில்: 60 வயது நிறைந்த சென்னைவாசிகளுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 டோக்கன் வீதம் ஆறு மாதத்துக்குச் சேர்த்து 60 தருகிறது. ஏ.சி. பஸ்ஸில் செல்லாது. ஜூன் 21, டிசம்பர் 21 வாக்கில் விநியோகம் தொடங்கும். ரேஷன் கார்டு, வயதுச் சான்று, இரண்டு வண்ணப் புகைப்படத்தோடு பணிமனை அல்லது பேருந்து நிலைய மையத்துக்குப் போங்கள்.

கேள்வி: ஃபிக்சட் டெபாசிட்டில் அப்பாவுக்கு அரை சதவீதக் கூடுதல் வட்டி வரவில்லை. அவருக்கு 67 வயது.

பதில்: ரசீதில் முதல் பெயர் யாருடையது? கூட்டு டெபாசிட்டில் முதல் பெயர்க்காரர் மூத்த குடிமகனாக இருந்தால்தான் அந்தக் கூடுதல் வட்டி. மகன் பெயர் முதலில் இருந்தால் கிடைக்காது. பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் போகிறது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தையும் விசாரியுங்கள். தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் உண்டு. 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்ந்தது, உச்சவரம்பு 30 லட்சம், காலம் 5 ஆண்டு. சேரும் நாளில் உள்ள வட்டியே முழுக் காலத்துக்கும். அந்த விகிதத்தில் பத்து லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 வரும். எடுக்காமல் விட்டால் அந்த வட்டிக்கு வட்டி கிடையாது, அதனால் சேமிப்புக் கணக்குக்கு நேரே போகும்படி செய்துவிடுங்கள். ஓராண்டுக்குள் மூடினால் கொடுத்த வட்டியைக் கழித்துக்கொள்வார்கள். அவசரத் தேவைக்கான பணத்தை இதில் போடாதீர்கள்.

கேள்வி: மருந்துக் கடையில் 20 சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள். மக்கள் மருந்தகம் அதைவிட மலிவா?

பதில்: சதவீதத்தைப் பார்க்காமல் ஒரு மாத்திரை விலையைப் பாருங்கள். உதாரணத்துக்கு, 15 மாத்திரை அட்டை 180 ரூபாய் என்றால் தள்ளுபடி போக 144, ஒன்று 9 ரூபாய் 60 காசு. அதே மூலப்பொருள் மக்கள் மருந்தகத்தில் 10 மாத்திரை 30 ரூபாய்க்குக் கிடைத்தால் ஒன்று 3 ரூபாய்தான். அட்டையின் பின்பக்கம் மூலப்பொருள் பெயர், மில்லிகிராம், பெயரோடு ஒட்டி வரும் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். போன்ற (மெதுவாகக் கரைவதைக் குறிக்கும்) எழுத்துகள் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரைக்குப் பதில் சாதாரண மாத்திரை வாங்கிவிட்டால் காலையில் போட்டது மாலைவரை தாங்காது. தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் மாற்றவே கூடாது.

கேள்வி: வீடு தேடி வந்த ஒருவர் 500 ரூபாய்க்கு 'மூத்த குடிமக்கள் சலுகை அட்டை' செய்து தருகிறேன் என்றார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் அப்படியொரு அட்டை தேவையில்லை, வயதுச் சான்று போதும். ஆதார் நகலையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிட்டால் நஷ்டம் 500 ரூபாயோடு நிற்காது. ஏற்கெனவே கொடுத்து, கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் பேசுங்கள். சலுகை பற்றி விவரம் மட்டும் வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567, அழைப்புக் கட்டணம் இல்லை.