பாலிமர் பேட்டரியில் ஒரு சந்தேகம் – கடிதம்

அன்புள்ள சார்,

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. பிஈஓ (பாலிஎத்திலீன் ஆக்சைடு) பாலிமரையும் லித்தியம் டிஎஃப்எஸ்ஐ உப்பையும் அசிட்டோநைட்ரைலில் கரைத்து, டெஃப்ளான் தட்டில் ஊற்றி பேட்டரிக்குள் லித்தியம் அயனியைக் கடத்தும் 60 மைக்ரோமீட்டர் படலம் செய்கிறேன். 25 டிகிரியில் கடத்துத்திறன் 10⁻⁴ சீமென்ஸ்/செ.மீ. வருகிறது. இரு பக்கமும் லித்தியம் வைத்த காயின் செல்லை (நாணய வடிவச் சோதனை பேட்டரி) 60 டிகிரியில், சதுர செ.மீ.க்கு 0.1 மில்லிஆம்பியரில் திசையை மாற்றி மாற்றி ஓட்டினேன். முதலில் 25 மில்லிவோல்ட் காட்டியது. 150 மணி நேரத்தில் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கி, அதன்பின் 600 மணி நேரமாக ஆடாமல் நிற்கிறது. ஆனால் அதே படலத்தை எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) கேதோடோடு சேர்த்தால் சார்ஜ் முடியவே மாட்டேன் என்கிறது. கிராமுக்கு 240 மில்லிஆம்பியர்-மணி போனதும் நானே நிறுத்திவிட்டேன். கேதோடில் கோளாறா? என்எம்சி (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) கேதோடுக்கு மாறலாமா? பாரிஸில் ஓடிய ப்ளூகார் என்ற மின்சாரக் காரில் இதே வகை பாலிமர்தானே, அதை ஏன் சூடாகவே வைத்திருந்தார்கள்? நம் ஊர் வெயில் போதாதா?

செ.

அன்புள்ள செ.,

கேதோடை விட்டுவிடுங்கள். நல்ல செய்தியாக நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு எண்கள்தான் எனக்கு உறுத்துகின்றன.

முதலில் அந்த அரை மில்லிவோல்ட். 60 டிகிரியில் உங்கள் படலத்தின் கடத்துத்திறன் 10⁻³ என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தடிமன் 0.006 செ.மீ.; கடத்துத்திறனால் வகுத்தால் 6 ஓம் சதுர செ.மீ. அதில் 0.1 மில்லிஆம்பியர் போனால் 0.6 மில்லிவோல்ட். இது படலத்துக்கு மட்டும். லித்தியத்தின் மேல் படியும் அடுக்கின் தடை இரு பக்கமும் இதற்கு மேல் சேரும், பெரும்பாலும் படலத்தைவிட அதுதான் அதிகம். ஆக, அயனிகள் சுமக்கும் மின்னோட்டத்தில் அரை மில்லிவோல்ட் வரவே வழியில்லை. போய்க்கொண்டிருப்பது எலக்ட்ரான். 150 மணி நேரத்தில் லித்தியம் இழை ஒன்று படலத்தைத் துளைத்து மறுபக்கம் தொட்டிருக்கிறது. மிச்ச 600 மணி நேரமும் நீங்கள் ஒரு கம்பியைத்தான் அளந்திருக்கிறீர்கள்.

அலையின் வடிவத்தையும் பாருங்கள். இந்தப் பாலிமரில் மின்னோட்டத்தில் லித்தியம் அயனியின் பங்கு ஏறத்தாழ 0.2 தான், மீதி உப்பின் எதிரயனியுடையது. அதனால் ஆரோக்கியமான செல்லில் உப்பின் செறிவு ஒரு பக்கம் கூடி, மறுபக்கம் குறைந்து, ஒவ்வொரு அரைச்சுற்றிலும் மின்னழுத்தம் மெல்ல ஏறிப் பிறகே நிலைகொள்ளும். ஸ்கேல் வைத்து வரைந்த கட்டம் மாதிரி இருந்தால் சாஃப்ட் ஷார்ட் (இழை வழியே உள்ளுக்குள் மின்கசிவு) என்று சந்தேகப்படலாம். இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) எடுங்கள், அதன் வரைபடத்தில் முதல் நாள் இருந்த இடைமுக அரைவட்டம் காணாமல் போயிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆயிரக்கணக்கான மணி நேரம் நிலைத்தது என்று வரும் படங்களை இந்தக் கணக்கைப் போடாமல் நான் நம்புவதில்லை.

எல்எஃப்பி செல்லிலும் இதே கதைதான். அதன் கோட்பாட்டு உச்சம் கிராமுக்கு 170 மில்லிஆம்பியர்-மணி. 240 வருகிறதென்றால் கூடுதல் மின்னோட்டம் இழை வழியே கசிகிறது. சார்ஜ் கோடு ரம்பப் பல்லாக நடுங்கியிருக்குமே?

இரண்டாவது எண், 25 டிகிரியில் 10⁻⁴. வேறெதுவும் சேர்க்காத பிஈஓ படலம் அந்த வெப்பநிலையில் 10⁻⁶ பக்கம்தான் நிற்கும். அயனி நகர்வது படிகமாகாத பகுதியில், சங்கிலித் துண்டுகளின் அசைவோடு. பிஈஓ உருகுவது சுமார் 65 டிகிரியில். அதற்குக் கீழே பெரும்பகுதி படிகமாகிவிடுகிறது. உங்கள் படலத்தில் அசிட்டோநைட்ரைல் மிச்சமிருக்கிறது, அல்லது உப்பு ஈரம் குடித்திருக்கிறது. எஃப்டிஐஆர் அகச்சிவப்பு நிறமாலையில் 2250 செ.மீ.⁻¹ அருகே நைட்ரைல் உச்சி தெரிகிறதா பாருங்கள். சூடாக்கி எடை பார்க்கும் டிஜிஏயில் 150 டிகிரிக்குள் எடை குறையக் கூடாது. எஞ்சிய கரைப்பான் படலத்தை இளக்குகிறது, லித்தியத்தோடும் வினைபுரிகிறது. பெருமைப்பட்ட கடத்துத்திறனும் வருத்தப்படும் ஷார்ட்டும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. பிவிடிஎஃப் என்ற இன்னொரு பாலிமரின் படலங்களில் டிஎம்எஃப் கரைப்பான் செய்யும் வேலையும் இதுவே. திடம் என்ற பெயரில் அங்கே அயனியைச் சுமப்பது பெரும்பாலும் அந்த எஞ்சிய டிஎம்எஃப்தான்.

செய்முறைக்கு வருவோம். உப்பை 110 டிகிரியில் வேக்கமில் 24 மணி நேரம் உலர்த்துங்கள். பிஈஓவை 50 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். 20 ஈஓ (எத்திலீன் ஆக்சைடு) அலகுக்கு ஒரு லித்தியம் என்ற விகிதத்தில் 1 கிராம் பிஈஓவுக்கு 0.326 கிராம் உப்பு. 10 செ.மீ. விட்டத் தட்டில் 60 மைக்ரோமீட்டர் வேண்டுமென்றால் பிஈஓ சுமார் 0.45 கிராம் போதும். தட்டை மட்டம் பார்த்து வையுங்கள். ஓரம் மெலிந்தால் இழை அங்கேதான் துளைக்கும். கரைப்பானை மூடி போட்டு மெதுவாகப் போகவிடுங்கள், அவசரப்பட்டால் குமிழ். பிறகு 50 டிகிரி வேக்கமில் 48 மணி நேரம், அங்கிருந்து காற்றுப் படாமல் ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸுக்கு. என்னைக் கேட்டால் கரைப்பானே வேண்டாம்: உலர்ந்த இரண்டையும் ஆர்கானில் அரைத்து, டெஃப்ளான் தாள்களுக்கு நடுவே 90–100 டிகிரியில் அழுத்தி எடுங்கள். காற்றில் சூடாக்கினால் சங்கிலி ஆக்சிஜனேற்றத்தில் அறுபடும், கவனம்.

கடத்துத்திறன் அளக்கும்போது ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே டெஃப்ளான் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் சூட்டில் படலம் வழிந்து தடிமன் மாறும்; நீங்களோ பழைய 60-ஐயே சூத்திரத்தில் போடுவீர்கள். 80 டிகிரியிலிருந்து இறக்கிய கையோடு 25 டிகிரியில் அளக்காதீர்கள். படிகமாவது மெதுவாக நடப்பதால் எண் கூடுதலாகக் காட்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

காயின் செல்லிலும் இதே வழிதல் உண்டு. ஸ்பிரிங் அழுத்தத்தில் உருகிய படலம் ஓரத்துக்குப் பிதுங்கும். படலம் 19 மி.மீ., லித்தியம் 14, கேதோடு 12 என்று வெட்டி மையம் பார்த்து அடுக்குங்கள். ஸ்பேசரை ஒன்றோடு நிறுத்துங்கள். நுண்துளை பாலிஇமைடு தாளுக்குள் பாலிமரை ஊறவைத்தால் இன்னும் நல்லது. படலத்துக்கு லித்தியத்தைப்போல் சுமார் இருமடங்கு சறுக்கு விறைப்பு (பக்கவாட்டில் தள்ளினால் வளையாத தன்மை) இருந்தால் இழை அடங்கும் என்று மன்ரோ, நியூமன் என்ற ஆய்வாளர்கள் 2005இல் கணக்கிட்டார்கள். அது சில கிகாபாஸ்கல். உருகிய பிஈஓ அதன் பக்கத்தில்கூட வராது.

இனி பாரிஸ். 25 டிகிரியில் கடத்துத்திறன் 10⁻⁶ என்றால் உங்கள் 60 மைக்ரோமீட்டர் படலம் 6000 ஓம் சதுர செ.மீ.; அதே 0.1 மில்லிஆம்பியருக்கு 0.6 வோல்ட் இழப்பு. காருக்கு அதைப்போல் பல மடங்கு மின்னோட்டம் வேண்டும். 2011 முதல் 2018 வரை ஓட்டோலிப் என்ற வாடகைக் கார் திட்டத்தில் ஓடிய ப்ளூகாரின் 30 கிலோவாட்-மணி பேட்டரியை 60 டிகிரிக்கு மேல் வைத்திருந்தது இதனால்தான். நிற்கும்போதும் சூடு வேண்டும், அதற்கும் மின்சாரம் செலவு. நம் 40 டிகிரி வெயிலிலும் பாலிமர் உருகாது. கூடவே ஒன்று: திடம் என்றால் தீப்பிடிக்காது என்று எழுதிவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் பாரிஸில் இதே வகை பேட்டரி வைத்த இரண்டு ப்ளூபஸ் மின்பேருந்துகள் எரிந்தன. 149 பேருந்துகளை நிறுத்திவைத்தார்கள். பாலிமர் எரியும், லித்தியம் 180 டிகிரியில் உருகும்.

என்எம்சி இப்போது வேண்டாம். பிஈஓ சுமார் 3.9 வோல்ட்டிலேயே ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும்; என்எம்சி கேட்பது 4.2க்கு மேல். எல்எஃப்பி 3.4 வோல்ட்டில் வேலை செய்வதால் பொருந்துகிறது. சார்ஜை 3.8 வோல்ட்டில் வெட்டுங்கள். 170ஐத் தாண்டினால் நிற்கும்படி கருவியில் வரம்பும் போட்டுவிடுங்கள். ஷார்ட் ஆனால் அன்றைக்கே தெரிந்துவிடும்.