மணி 23:59 – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

திகில் கேம்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் 2014இல் வந்த 'பி.டி.' என்கிற கேமை அந்த வகையின் உச்சம் என்று சொல்லியிருந்தீர்கள். இப்போது அது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. நண்பர் ஒருவர் தன் பழைய பிளேஸ்டேஷன் 4இல் அதை அழிக்காமல் வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்குப் போய் விளையாடினேன். முதல் இரண்டு சுற்றில் உண்மையாகவே நடுங்கிவிட்டேன். அப்புறம் செக்குமாடு மாதிரி அதே நடைபாதையைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான். செத்தாலும் எதையும் இழப்பதில்லை, மறுபடியும் அதே கதவு. பயம் போய் எரிச்சல் வந்துவிட்டது.

நான் ரெசிடென்ட் ஈவில் விளையாடி வளர்ந்தவன். அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரியாததுதானே திகிலுக்கு அடிப்படை? காலம் திரும்பத் திரும்பச் சுழன்றால் எல்லாம் தெரிந்துவிடுமே. அப்படியானால் காலச்சுழலும் திகிலும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை அல்லவா? இன்னொன்று: அது ஒரு பெரிய கேமுக்கான விளம்பரத் துண்டுதான். அதற்கு இவ்வளவு மரியாதை தேவையா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

ரெசிடென்ட் ஈவிலில் இருந்து தொடங்கியிருக்கிறீர்கள், நானும் அங்கிருந்தே வருகிறேன். 1996இல் வந்த அந்த முதல் கேமில் ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் டைப்ரைட்டருக்கு மை நாடா வேண்டும். நாடா எண்ணித்தான் கிடைக்கும், தோட்டாவும் அப்படித்தான். நாலு தோட்டாவோடு கதவைத் திறக்கும்போது உள்ளே இருப்பதைவிடக் கையில் இல்லாததுதான் நம்மை அதிகம் பயமுறுத்தும். உயிர் பிழைக்கும் திகில் என்கிற வகையே இந்தப் பற்றாக்குறைமீது கட்டப்பட்டது. அந்தக் கணக்கோடு பி.டி.க்குள் போனால் ஏமாற்றம்தான். தோட்டா இல்லை, நாடா இல்லை, உயிர் அளவு காட்டும் கோடு இல்லை. நடக்கலாம், உற்றுப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஓடக்கூட முடியாது. செத்தால் கரப்பான் ஊரும் அந்த சிமென்ட் அறையில் விழிக்கிறோம், எதிரே அதே கதவு.

இழக்க எதுவும் இல்லை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றாவது சுற்றுக்குள் அந்த வீடு உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். டெலிபோன், சுவரில் மாட்டிய படங்கள், 23:59இலேயே நிற்கும் கடிகாரம், கொலைச் செய்தி படிக்கும் ரேடியோ, வலது பக்கம் திரும்பினால் முன்கூடம், குளியலறைக் கதவு, கடைசியில் இறங்கிப் போகும் வாசல். இதெல்லாம் நீங்கள் சேர்த்த சொத்து. அந்த கேம் அடுத்தடுத்த சுற்றில் கை வைப்பது அந்தச் சொத்தில்தான். ஒரு சுற்றில் சரவிளக்கு தொங்கிய இடத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி தொங்கி ஆடுகிறது, உள்ளே குழந்தை அழுகிறது. பூட்டியே இருந்த குளியலறைக் கதவு இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. ரேடியோக்காரர் செய்தியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார் என்கிறார். முதன்முறை போகிற வீட்டில் இதெல்லாம் நடந்தால் அது வெறும் பேய் வீடு. நமக்கு நன்றாகத் தெரிந்த வீட்டில் நடப்பதால்தான் வயிற்றைப் பிசைகிறது. செக்குமாட்டுக்குத் தடம் மாறாது, அதனால் அது கண்ணைக் கட்டிக்கொண்டும் சுற்றலாம். இங்கே நீங்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் எது மாறியிருக்கிறது என்று தேடிக்கொண்டே நடக்கிறீர்கள். தேடுகிறவன் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். அந்த கேமில் உற்றுப் பார்ப்பதற்கென்று ஒரு பொத்தான் இருப்பதும், அதை அழுத்தாமல் முன்னேற முடியாத இடங்கள் இருப்பதும் தற்செயல் இல்லை.

நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை, கிழிந்த புகைப்படத்தின் துண்டுகளைத் தேடிச் சேர்க்கும் சுற்றில் ஒரு துண்டு வீட்டுக்குள்ளேயே இல்லை. ஆட்டத்தை நிறுத்தும் திரையில் இருக்கிறது. பயந்தால் நாம் ஓடி ஒளியும் ஒரே இடம் அந்த பாஸ் திரைதான். அங்கேயும் கை வைத்துவிட்டார்கள். இன்னொரு கட்டத்தில் கேமே பழுதாகி நின்றுவிட்டதுபோல ஒரு பிழைச் செய்தி வரும். அதுவும் ஆட்டத்தின் பகுதிதான். எனக்கு இவை இரண்டும் அந்த வீட்டில் உலவும் லிசா என்கிற பேய் உருவத்தைவிட பயங்கரமாக இருந்தன.

லிசா என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2019இல் லான்ஸ் மெக்டானல்ட் என்கிற மாடர், அதாவது கேம்களின் உள்ளே புகுந்து மாற்றிப் பார்ப்பவர், அந்த கேமின் கேமராவைப் பிரித்து வெளியே கொண்டுவந்து பார்த்தார். நாம் டார்ச் விளக்கைக் கையில் எடுத்த கணத்திலிருந்து லிசாவின் உருவம் நம் முதுகோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. நாம் திரும்பினால் அவளும் கூடவே திரும்புவதால் கண்ணில் படுவதில்லை. விளையாடும்போது பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று பலரும் சொன்னது பிரமை இல்லை. அவ்வப்போது சுவரில் விழுந்த நிழல் அவளுடையது. இந்தத் தகவல் தெரிந்த பிறகு மறுபடியும் விளையாடிப் பாருங்கள். பயம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குக் கூடியது. தெரியாமைதான் திகிலுக்கு அடிப்படை என்கிற உங்கள் வாதத்துக்கு என் முதல் மறுப்பு இதுதான்.

இரண்டாவது மறுப்புக்கு பி.டி.யை விட்டு வெளியே வர வேண்டும். 2000இல் நின்டெண்டோ 64இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' திகில் வகை இல்லை, சிறுவர்களும் விளையாடும் செல்டா வரிசையில் ஒன்று. ஆனால் காலச்சுழல் எப்படி அச்சம் தரும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய கேம் எனக்குத் தெரிந்து இல்லை. மூன்று நாளில் நிலா ஊர்மேல் விழுந்துவிடும். அந்த மூன்று நாளும் நம் கணக்கில் ஏறக்குறைய 54 நிமிடம். விழுவதற்குள் ஒக்கரினா என்கிற ஊதுகருவியை ஊதி முதல் நாள் காலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் நீங்கள் செய்த உதவி எல்லாம் அழிந்துவிடும். நீங்கள் காப்பாற்றியவர்களுக்கு உங்களை யாரென்றே தெரியாது.

அதில் ரோமனி என்று ஒரு பண்ணைவீட்டுச் சிறுமி. முதல் நாள் இரவு இரண்டரை மணிக்கு வானத்திலிருந்து சில உருவங்கள் இறங்கி மாடுகளைத் தூக்கிப்போக வரும். வில்லோடு நின்று விடியும்வரை தடுத்தால் பண்ணை பிழைக்கும். தடுக்கவில்லை என்றால் மாடுகளோடு அவளையும் கொண்டுபோய்விடும். பிறகு திரும்பி வருகிறாள், ஆனால் கண்ணில் ஒன்றும் இல்லை, பேச்சும் இல்லை. சரி, ஒரு சுற்றில் நின்று காப்பாற்றிவிட்டீர்கள். அடுத்த சுற்றில் உங்களுக்கு வேறு வேலை, மலைப்பக்கம் போக வேண்டும், கோயிலைத் திறக்க வேண்டும். இரவு கடிகாரம் இரண்டரையைத் தொடுகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தடுக்கவும் தெரியும். ஆனாலும் போகவில்லை. திரையில் எதுவும் தெரியாது, சத்தமும் வராது. முதன்முறை தெரியாமல் நடந்தது விபத்து. இப்போது தெரிந்தே நடக்க விடுகிறீர்கள். எந்த அரக்கனும் முன்னால் வந்து நிற்காமல் ஒரு கேம் எனக்கு இந்த அளவு கலக்கம் தந்ததில்லை. எல்லாம் தெரிந்திருப்பதன் பயம் இது. காலச்சுழல் இல்லாமல் இதை வரவழைக்கவே முடியாது.

இதே கருவியை நேராகத் திகிலுக்குப் பயன்படுத்தியது 2003இல் பிளேஸ்டேஷன் 2இல் வந்த 'சைரன்'. முதல் 'சைலண்ட் ஹில்'லை இயக்கிய கெய்ச்சிரோ தோயாமாவின் அடுத்த படைப்பு. ஹனுதா என்கிற மலைக்கிராமத்தில் நள்ளிரவில் சங்கு ஊதுகிறது, ஊரைச் சுற்றிச் சிவப்புக் கடல். பத்துப் பேர், மூன்று நாள். ஒருவருடைய மணி நேரத்தை முடித்துவிட்டு இன்னொருவருடைய மணி நேரத்துக்குப் போகிறோம், பிறகு பழைய மணி நேரத்துக்கே திரும்பி வேறு ஏதாவது ஒன்றைச் செய்துவைக்கிறோம். ஒருவர் விட்டுச்சென்ற சின்னப் பொருள்தான் பின்னால் வேறொருவருக்கு வழி திறக்கும். அங்கே உலவுகிற ஷிபிதோ என்கிற நடைபிணங்களைச் சாய்த்தாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடும். ஆனால் என்னைத் தொட்டது அவை செய்யும் வேலை. உயிரோடு இருந்தபோது செய்ததையே செய்கின்றன. ஒன்று ஆணி அடிக்கிறது, ஒன்று வீட்டைக் காவல் காக்கிறது. அவற்றின் கண்ணுக்குள் புகுந்து அவை பார்ப்பதைப் பார்க்கும் வசதி நமக்கு உண்டு. அப்படிப் பார்க்கும்போது நம் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அதை விளையாடலாம். மிகக் கடினமான கேம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லித்தராது. குறிப்பு பார்த்து விளையாடினால் குற்றமில்லை.

உங்கள் எரிச்சலில் ஒரு பங்கு நியாயமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். பி.டி.யின் கடைசிச் சுற்று தோல்விதான். நள்ளிரவு மணி அடித்ததும் இத்தனை அடி நடந்து நில், கண்ட்ரோலர் அதிரும்வரை அசையாதே, மைக்கில் பேசு என்று உலகம் முழுக்க ஆளுக்கொரு வழி சொன்னார்கள். எது உண்மையில் வேலை செய்தது என்பதில் விளையாடியவர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. அந்த இடத்தில் நாம் வீட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு கேமை உருவாக்கியவரின் மனதை ஊகிக்கத் தொடங்குகிறோம். காரணம் புரியாமல் சுற்ற வைத்தால் காலச்சுழல் செத்துவிடும். நாம் செய்வதற்கும் அடுத்த சுற்றில் மாறுவதற்கும் ஏதோ ஒரு தொடர்பு இருப்பதாக நம் உடம்பு உணர வேண்டும். மஜோராவில் அந்தத் தொடர்பு கடைசிவரை அறுபடவில்லை. பி.டி.யில் முக்கால்வாசி தூரம் இருந்தது.

அந்தக் கதை ஏன் சுழல வேண்டும் என்றும் யோசியுங்கள். ரேடியோ சொல்வது ஒரு குடும்பத் தலைவன் மனைவி மக்களைக் கொன்ற செய்தி. மனைவி கர்ப்பிணி. இதேபோல வேறு வீடுகளிலும் நடந்திருக்கிறது என்றும் அதே செய்தி சொல்கிறது. நாம் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதை கேம் கடைசிவரை வாய்விட்டுச் சொல்வதில்லை. சுற்றச் சுற்ற, நாம் இந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி இல்லை என்று ஒரு சந்தேகம் கெட்டிப்படுகிறது. செய்த குற்றத்தை நினைக்கிற மனம் நேர்கோட்டில் நினைப்பதில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கே போய்ப் போய் வரும். கடிகாரம் 23:59இல் நிற்பதை நான் அப்படித்தான் படிக்கிறேன். இது வேறு விதமாகவும் படிக்கப்படுகிறது, எனக்கு இதுதான் ஒட்டுகிறது.

இப்போது விளம்பரம் பற்றி. 2014 ஆகஸ்ட் 12 அன்று அது 7780எஸ் ஸ்டுடியோ என்கிற இல்லாத நிறுவனத்தின் பெயரில் இலவசமாக வந்தது. அதை உண்மையில் உருவாக்கிய புகழ்பெற்ற கேம் இயக்குநர் ஹிடேயோ கோஜிமாவின் பெயர் எங்கும் இல்லை. யாரோ சிறிய குழு செய்தது என்றுதான் எல்லோரும் இறக்கினார்கள். புதிரை விடுவிக்கக் குறைந்தது ஒரு வாரமாவது ஆகும் என்று கோஜிமா எதிர்பார்த்தார், சில மணி நேரத்திலேயே விடுவித்துவிட்டார்கள். கடைசியில் தெருவில் நடக்கும் நடிகர் நார்மன் ரீடஸும், கோஜிமா, திரைப்பட இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோ பெயர்களும், 'சைலண்ட் ஹில்ஸ்' என்கிற தலைப்பும் வந்தபோதுதான் அது எதற்கான முன்னோட்டம் என்றே தெரிந்தது. அடுத்த ஏப்ரலில் அந்தப் பெரிய கேம் கைவிடப்பட்டது. ஆக, அது விளம்பரம் செய்த பொருள் உலகத்தில் இல்லை. விளம்பரம் என்று அதை ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இதைவிட முக்கியமான காரணமும் உண்டு. விற்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் அதற்கு நீளம் கூட்ட வேண்டியிருக்கவில்லை, கதையை விளக்க வேண்டியிருக்கவில்லை. முழுவிலை கேம் எதற்கும் ஒரே நடைபாதையோடு நிற்கும் துணிவு வந்திருக்காது. அதன் பிறகு வந்த 'லேயர்ஸ் ஆஃப் ஃபியர்', 'விசேஜ்' போன்றவற்றில் அந்த நடைபாதையின் சாயலைப் பார்க்கலாம். விசேஜ் நல்ல முயற்சி, ஆனால் பெரிய வீடு, நிறைய அறைகள். மனப்பாடம் ஆவதற்கு முன்பே அடுத்த அறை வந்துவிடுகிறது.

2015 ஏப்ரல் 29 அன்று பி.டி. கடையிலிருந்து நீக்கப்பட்டது. பிறகு ஏற்கெனவே இறக்கியவர்களும் மறுபடி இறக்க முடியாமல் போனது. ரசிகர் ஒருவர் கணினிக்காகச் செய்த மறுஆக்கத்தை 2018இல் அதன் உரிமை நிறுவனமான கொனாமி நிறுத்தச் செய்தது. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் நூலகத்தில் ஒரு பிரதியாவது கிடைக்கும். இந்தக் கலைக்கு அப்படி ஓர் இடம் இன்னும் சரியாக அமையவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். உங்கள் நண்பரிடம் சொல்லி அந்த கன்சோலைக் கவனமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். நினைவகம் நிரம்பிவிட்டது என்று எதையாவது அழிக்க நேர்ந்தால் வேறு எதை வேண்டுமானாலும் அழிக்கட்டும்.

நீங்கள் இன்னொரு முறை அங்கே போனால் ஹெட்போன் போட்டுக்கொண்டு தனியாக விளையாடுங்கள். பக்கத்தில் நாலு பேர் இருந்து பேசிக்கொண்டே ஆடியிருந்தால் எரிச்சல் வந்ததில் ஆச்சரியம் இல்லை. சைரனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மஜோராவைத் தொடங்குங்கள். ரோமனியை ஒரு சுற்றில் காப்பாற்றி, அடுத்த சுற்றில் வேறு வேலையாகப் போன பிறகு, திகிலுக்கு எது அடிப்படை என்று எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

அன்புடன்