பார்வோ வைரஸ்: ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி (செல்லூர்): டாக்டரம்மா, எதிர்வீட்டு நாய் பார்வோ வந்து இறந்துபோனது. என் பையனுக்கு எட்டு வயது, தலசீமியா இன்டர்மீடியா என்ற பரம்பரை ரத்தசோகை. எப்போதாவதுதான் ரத்தம் ஏற்றுவோம். அவனுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: நாயிடமிருந்து ஒட்டாது தம்பி. மனிதருக்கு வருவது பார்வோ வைரஸ் பி19, அது வேறு. 1975-இல் லண்டனில் பரிசோதித்த ரத்த மாதிரிகளில் 'பி' வரிசையின் 19-ஆவதில் அகப்பட்டதால் அந்தப் பெயர். ஆனால் உங்கள் பையன் விஷயத்தில் அந்த பி19-க்குக் கட்டாயம் பயப்பட வேண்டும்.

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக வளரும் இளம் செல்களைத்தான் இந்த வைரஸ் பிடிக்கும். ஏழு முதல் பத்து நாள் வரை உற்பத்தி நின்றுவிடும். மாடித் தொட்டி நிறைந்திருக்கும் வீட்டில் இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தெரியாது. குடத்தில் பிடித்து வைக்கும் வீட்டில் அன்றைக்கே தெரிந்துவிடும். நல்ல உடம்பில் சிவப்பணு 120 நாள் இருக்கும். தலசீமியாவோ, சிக்கிள் செல் என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோயோ உள்ளவர்களுக்கு அது சீக்கிரமே அழிந்துவிடுவதால், உற்பத்தி நின்ற சில நாளிலேயே ஹீமோகுளோபின் சரிந்துவிடும்.

மேலூர் பக்கத்துச் சிறுமி ஒருத்தியை, "காய்ச்சல் விட்டுவிட்டது, சோர்வுதான் போகவில்லை" என்று அழைத்து வந்தார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், அரிசி களைந்த தண்ணீர் நிறம். உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை. ஹீமோகுளோபின் நான்குக்கும் கீழே, ரெட்டிக் கவுண்ட், அதாவது புதிதாக உற்பத்தியான இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை, கிட்டத்தட்ட பூஜ்யம். ரத்தம் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டாள். உங்கள் பையன் வெளுத்து, மூச்சு வாங்கி, மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்தால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். ரெட்டிக் கவுண்ட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் உற்பத்தி நின்றது தெரியாது.

கேள்வி (அனுப்பானடி): கிட்னி மாற்றி ஆறு மாதம் ஆகிறது. ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. பார்வோ ஆன்டிபாடி டெஸ்ட் நெகட்டிவ். அப்படியென்றால் அது இல்லைதானே?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள் அய்யா. ஆன்டிபாடி என்பது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடும் உடம்பு அதையே உண்டாக்காமல் போகலாம். வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் பி.சி.ஆர் டெஸ்ட் வேண்டும். கீமோ எடுப்பவர்களுக்கும் எச்.ஐ.வி உள்ளவர்களுக்கும் இதேதான். வைரஸ் மாதக்கணக்கில் தங்கிவிடும். இம்யூனோகுளோபுலின் ஊசி (ரத்ததானம் செய்தவர்களிடமிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடி) பலருக்கு நன்றாகக் கேட்கிறது. மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை உங்கள் கிட்னி டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

கேள்வி (திருமங்கலம்): நான் டீச்சர், 14 வாரக் கர்ப்பம். ரத்தசோகையும் இருக்கிறது. வகுப்பில் ஒரு பையனுக்குக் கன்னம் அறைந்த மாதிரி சிவந்திருக்கிறது. லீவு போடவா?

பதில்: அப்படிக் கன்னம் சிவப்பது பிள்ளைகளிடம் பி19-இன் அடையாளம். ஆனால் கன்னம் சிவக்கும் நேரத்தில் அந்தப் பையனிடமிருந்து பரவும் கட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும் தாயி. அதற்கு முந்தைய வாரம் பக்கத்தில் இருந்தீர்களா என்பதுதான் கேள்வி. ஐஜிஜி (முன்பே வந்துபோனதைக் காட்டும் ஆன்டிபாடி), ஐஜிஎம் (புதிதாகத் தொற்றியதைக் காட்டும் ஆன்டிபாடி) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெரியவர்களில் பாதிப் பேருக்காவது சின்ன வயதிலேயே வந்துபோய் எதிர்ப்பு சக்தி இருக்கும். புதிதாகத் தொற்றியிருந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகத்தான் பிறக்கின்றன. ஆனால் முதல் 20 வாரத்தில் தொற்றினால் குழந்தைக்கு ரத்தசோகை வந்து உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து கூடுதல். அதனால் சில வாரங்களுக்கு அடிக்கடி ஸ்கேன் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் தொப்புள்கொடி வழியாகவே குழந்தைக்கு ரத்தம் ஏற்ற முடியும்.

கேள்வி (மேலூர்): அம்மாவுக்கு சுகர். பேரனுக்குக் காய்ச்சல் வந்துபோன பிறகு அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி வலிக்கிறது. இதுவும் பார்வோவா?

பதில்: இருக்கலாம். பெரியவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, இது மூட்டுவலியாகவே வருவதுண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும், மூட்டு சேதமாகாது. சுகர் மட்டும் இருப்பதால் ரத்த உற்பத்திச் சிக்கல் வராது. ஆனால் மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், கிட்னிக்கு ஆகாது.

கேள்வி (உசிலம்பட்டி): தடுப்பூசி உண்டா?

பதில்: இல்லை. சானிடைசரும் இந்த வைரஸுக்கு அவ்வளவாகக் கேட்காது, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரே டம்ளரில் பிள்ளைகள் எச்சில் வைத்துக் குடிக்க விடாதீர்கள். அப்புறம், ரத்தம் ஏற்றும் வார்டுக்குக் காய்ச்சலோடு பிள்ளையைக் கூட்டிவந்தால் வாசலிலேயே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கட்டிலிலும் ஒரு தலசீமியா பிள்ளை படுத்திருக்கும்.