முதலாம் வருடத்தில் எந்தக் கணினி மொழி? கேள்வி-பதில்

எங்கள் கம்பஸில் முதல் செமஸ்டருக்கு ஜாவாவா பைதனா என்று இழுபறி. கொம்பனிகள் ஜாவாவைத்தான் கேட்கின்றன என்கிறார்கள் சிலர். உங்கள் முடிவு என்ன?
இளம் விரிவுரையாளர், வெள்ளவத்தை

பைதன். கொம்பனிகள் இந்தப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்க இன்னும் மூன்று நான்கு வருடம் இருக்கிறது. முதல் செமஸ்டரில் பிள்ளை எதோடு மல்லுக்கட்டுகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். ஜாவாவில் திரையில் ஒரு வரி காட்டவே கிளாஸ், பப்ளிக், ஸ்டாட்டிக், வொயிட் என்ற கட்டளைச் சொற்கள் எல்லாம் தேவைப்பட்டன. "இப்போதைக்கு அப்படியே எழுதுங்கள், பிறகு சொல்லித் தருகிறேன்" என்று முதல் நாளே சொல்லவேண்டி வரும். விளங்காததை எழுதிவிட்டுப் போகலாம் என்று அன்றைக்கே பழகிவிடுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். 2025 செப்டெம்பரில் வந்த ஜாவா 25 இந்தச் சுமையைப் பெருமளவு குறைத்திருப்பது உண்மை. ஆனால் கையில் இருக்கும் பாடநூல்களும் நோட்ஸும் பெரும்பாலும் பழைய ஜாவாவில்தான்.

பைதனிலும் சிக்கல் உண்டு. இரண்டு எண்களை இன்புட்டாக வாங்கி அப்படியே கூட்டினால் 5, 7 என்பவை 57 ஆகும். இன்புட் தருவது எண் அல்ல, எழுத்துச்சரம், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசை. இதை மறைக்காமல் முதல் லேப் வகுப்பிலேயே நடக்க விடுங்கள். டேட்டா டைப் (ஒரு மதிப்பு எண்ணா எழுத்தா என்ற வகை) பற்றி அரை மணி நேரம் பேசியும் பதியாதது அந்த 57இல் பதிந்துவிடும்.

பயிற்சிகளை ஊரிலிருந்தே எடுங்கள். 100ஆம் இலக்க பஸ் போகும் காலி வீதியை ஒரு லிஸ்ட் ஆக்குங்கள்: கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை. ஏறும் இடமும் இறங்கும் இடமும் கொடுத்தால் எத்தனை தரிப்பிடம் தாண்ட வேண்டும்? சுட்டெண்களை, அதாவது லிஸ்டில் அவை இருக்கும் இடத்தின் எண்களை, கழித்தால் போதும். ஆனால் தெஹிவளையில் ஏறி கொள்ளுப்பிட்டியில் இறங்குபவருக்கு விடை மைனஸில் வரும். அப்போது "இப்படியானால் இதைச் செய்" என்னும் இஃப் கட்டளை எதற்கென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிள்ளைகளே கேட்பார்கள்.

சி மொழி இவ்வளவு பழசு. ஏன் இன்னும் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள்?
பொறியியல் மாணவி, தெஹிவளை

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி அது. வயது ஒரு குறையே அல்ல. நாம் வழக்கமாக ஓட்டும் பைதனே சியில் எழுதப்பட்டதுதான்.

மேலே சொன்ன பஸ் லிஸ்டையே எடுங்கள். நான்கே பெயர் இருக்கும்போது பத்தாவதைக் கேட்டால் பைதன் உடனே நின்று, சுட்டெண் பிழை என்று சொல்லும். சி அப்படி எந்த உத்தரவாதமும் தராது. ஏதோ ஒரு குப்பை மதிப்பு வரலாம், நிரல் விழலாம், எல்லாம் சரியாக நடப்பதுபோலவும் தோன்றலாம். முதல் மாதத்தில் இது பிள்ளையை மனமுடைய வைக்கும். ஒரு செமஸ்டர் கழித்து இதே விஷயம், நினைவகம் எப்படி இயங்குகிறது என்பதற்கு அருமையான பாடம். அதனால் சியை இரண்டாவது மொழியாக வையுங்கள் என்பேன்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அறிமுகப் பாடநெறியான சிஎஸ்50, கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தும் ஸ்கிராட்ச்சில் தொடங்கி, சிக்குப் போய், பிறகுதான் பைதனுக்கு வருகிறது. நல்ல பாடநெறி, ஆனால் அங்கே உதவ ஏராளமான பேர் இருக்கிறார்கள். லேப் நிறைய பிள்ளைகளுக்கு ஓரிரு இன்ஸ்ட்ரக்டர்கள் என்றால் அந்த வழி கடினம்.

நான் மட்டக்களப்பில் தமிழ் மொழிமூலம் படித்தவன். ஆங்கிலத்தில் பிழைச் செய்தி வந்தாலே கை நின்றுவிடுகிறது. தமிழிலேயே எழுத முடியாதா?
முதலாம் வருட மாணவன், கொட்டாஞ்சேனை

முடியும். தமிழ்க் கட்டளைச் சொற்களோடு "எழில்" என்றொரு மொழியே இருக்கிறது, எழுதிப் பாருங்கள். ஆனால் பரீட்சை பைதனில் என்றால் அதிலேயே தமிழை உள்ளே கொண்டுவரலாம். பைதன் 3இல் மாறிகளுக்கு (மதிப்புகளை வைத்திருக்கும் பெயர்களுக்கு) மொத்தம், தரிப்பிடம் என்று தமிழில் பெயர் வைக்க முடியும். கட்டளைச் சொற்கள் 35 அளவில்தான், பழகிவிடும்.

பிழைச் செய்தியைக் கீழிருந்து படியுங்கள். கடைசி வரியில் பிழையின் பெயர், அதற்கு மேலே வரி இலக்கம். ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, என்ன செய்ததால் வந்தது என்று பக்கத்தில் தமிழில் குறித்து வையுங்கள். விரிவுரையாளர்களுக்கும் சொல்கிறேன்: லேப்பில் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் விளக்குவதால் தரம் குறையாது. தயங்காமல் செய்யுங்கள்.

இன்னொன்று. "அம்மா"வின் நீளத்தைப் பைதனிடம் கேளுங்கள். நமக்கு மூன்றெழுத்து, பைதன் 5 என்னும். புள்ளியையும் துணைக்காலையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. அதையே யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் வைத்து சியில் பைட்களை எண்ணினால் 15. கணினி எழுத்தை எப்படிச் சேமிக்கிறது என்ற கேள்வி உங்களுக்கு முதல் வாரத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு அது வெகுநாள் எட்டாது.

ஷெல், ஜாவாஸ்கிரிப்ட் இவற்றைத் தனிப் பாடமாக வைக்கலாமா?
பாடத்திட்டக் குழு உறுப்பினர், தெமட்டகொடை

வேண்டாம். கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் ஷெல்லுக்கு இரண்டு மூன்று லேப் வகுப்பு போதும்: நூறு கோப்புகளுக்கு ஒரே தரத்தில் பெயர் மாற்றுவது, ஒரு நிரலின் விடையை இன்னொன்றுக்கு அனுப்புவது. ஜாவாஸ்கிரிப்ட்டை வலைப்பக்கப் பாடத்தோடு சேருங்கள். அதில் "5" என்ற எழுத்துச்சரத்தோடு 7ஐக் கூட்டினால் 57, கழித்தால் -2. டேட்டா டைப் விளங்கிய பிறகு இதைப் பார்ப்பதுதான் நல்லது.

இங்கேயே உருவான பல்லெரினா மொழியில் தொடங்கலாமா?
மென்பொருள் பொறியியலாளர், இராஜகிரிய

டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் கொம்பனி உருவாக்கி 2019இல் 1.0 பதிப்பு வெளியிட்ட மொழி. எனக்கும் பெருமைதான். ஆனால் வலையமைப்பில் சேவைகளை இணைப்பதற்கென்று வடிவமைத்தது. மூன்றாம் வருடத்தில் வையுங்கள்.

மகனுக்குப் பைதன் நோட்ஸ் போட்டோகொப்பி எடுத்துத் தரலாம் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
தாய், வத்தளை

முதல் பக்கங்களில் பிரின்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அது பைதன் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு முடிந்தது. அதில் 7ஐ 2ஆல் வகுத்தால் 3, இன்றைய பைதனில் 3.5. அப்படிப்பட்ட நோட்ஸ் சும்மா தந்தாலும் வேண்டாம்.